ஒஸ்ரினும் மொறிஸும்



இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் கார்களைப் பற்றியது. இலக்கியத்தைப் பற்றியோ கல்வியைப் பற்றியோ பேச வேண்டிய ஒரு பாடசாலை அதிபர் கார்களைப் பற்றிப் பேச வந்தது ஏன் என்று நேயர்களிற் சிலர் வியக்கக்கூடும். என்னிடம் சொந்தமாக இருப்பது ஒரு மோட்டார்ச் சைக்கிள் மாத்திரமே. ஆயினும் இரண்டு கார்ப் பெயர்களின் வரலாறு சில ஆண்டுகளாக என் சிந்தையை விட்டு அகலாதிருக்கின்றது. ஒன்று ஒஸ்ரின், மற்றையது மொறிஸ். நம் நாட்டிலே ஐம்பது வயதைக் கடந்தவர்களுள் இவ்விரு பெயர்களையும் அறியாதார் மிகச் சிலராகவே இருப்பர்.

மொறிஸ் என்ற பெயருடன் கார் செய்வது 1984ஆம் ஆண்டிலே இங்கிலாந்தில் நிறுத்தப்பட்டது. அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் ஒஸ்ரின் என்ற பெயரும் மறைந்தது. ஒரு வர்த்தகப் பெயரை மூடுவது எளிய காரியமே. இயக்குநர் சபை கூடித் தீர்மானிக்கும். காரின் முகப்பிலே பொருத்தும் தகடு மாறும். விளம்பரங்களிலிருந்து ஒரு சொல் நீங்கும். ஆனால், அப்பெயரைத் தாங்கி உலகெங்கும் ஓடிக்கொண்டிருக்கும் வண்டிகளுக்கு அத்தீர்மானம் தெரியாது. அவற்றின் உரிமையாளர் மறுநாட் காலையிலும் அவற்றைத் துடைத்து, தண்ணீர் ஊற்றி, எண்ணெய் பார்த்து, தெருவில் இறக்கவே செய்வர். இந்த உரிமையாளரைப் பற்றியே நான் சிறப்பாகப் பேச விரும்புகின்றேன். அதற்கு முன், அப்பெயர்கள் ஏன் மறைந்தன என்பதைச் சிறிது சொல்லியாக வேண்டும்.

வில்லியம் மொறிஸ் என்பவர் ஒக்ஸ்போர்ட் நகரிலே, தம் பெற்றோரின் வீட்டில், 4 பவுண் முதலுடன் சைக்கிள் திருத்தத் தொடங்கியவர். 1913இல் தம் முதலாவது காரை விற்றார். பின்னாளில் நஃபீல்ட் பிரபு என்னும் பட்டம் பெற்று, இங்கிலாந்தின் பெருஞ்செல்வருள் ஒருவரானார். மூச்செடுக்க இயலாத நோயாளருக்குப் பயன்பட்ட இரும்புச் சுவாசப் பெட்டிகளைத் தம் தொழிற்சாலையிலே செய்வித்து, பேரரசின் எந்த மருத்துவமனை கேட்டாலும் இலவசமாக அனுப்பிய வள்ளல் என்பதையும் இங்கே சொல்லத்தான் வேண்டும்.

ஹேர்பேர்ட் ஒஸ்ரின் வேறு வகையினர். இளமையில் அவுஸ்திரேலியாவுக்குச் சென்று, செம்மறி ஆட்டின் உரோமம் கத்தரிக்கும் பொறிகளிலே தொழில் பழகித் திரும்பியவர். 1905இல் பேர்மிங்ஹாம் நகருக்கு அருகே லோங்பிரிட்ஜ் என்ற இடத்திலே, வெறுமையாய்க் கிடந்த ஓர் அச்சுத் தொழிற்சாலையிற் கார் செய்யத் தொடங்கினார். 1922இல் வெளிவந்த அவருடைய ஒஸ்ரின் செவின் என்ற சிறு கார், அவர் வீட்டுப் பிலியட்ஸ் அறையிலே, பதினெட்டு வயது வரைபடக்காரன் ஒருவனைத் துணைக்கு வைத்துக்கொண்டு வரையப்பட்டது. அதே கார் பின்னர் உரிமம் பெற்று ஜேர்மனியிற் செய்யப்பட்டது, பி.எம்.டபிள்யூ. என்ற கொம்பனி விற்ற முதற் கார் அதுவே. இச்செய்தியை நேயர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் இதற்கு வேலை உண்டு.

நம் நாட்டவர் நன்கறிந்த வண்டிகள் இரண்டாம் உலக யுத்தத்துக்குப் பிற்பட்டவை. யுத்தத்தால் வறுமையுற்ற பிரித்தானியா, கடல் கடந்த நாடுகளுக்குப் பொருள் விற்றுப் பணம் சேர்த்தாலன்றி வாழ முடியாத நிலையில் இருந்தது. ஏற்றுமதி செய்யும் கொம்பனிகளுக்கே அரசாங்கம் உருக்கை முன்னுரிமையுடன் வழங்கியது. ஆகவே 1947இல் வந்த ஒஸ்ரின் ஏ-40 டெவன், 1952இல் அதன் பின் வந்த சோமர்செட், 1948இல் இலண்டன் மோட்டார்க் கண்காட்சியிலே தோன்றிய மொறிஸ் மைனர் ஆகியவை கப்பலேறி வெளிநாடுகளுக்கு வந்தன. அவ்வாறே இலங்கைக்கும் வந்து சேர்ந்தன.

மொறிஸ் மைனர் காரை வகுத்தவர் அலெக் இசிகோனிஸ் என்ற பொறியியலாளர். மாதிரிக் கார் முற்றுப்பெற்ற பின் அது ஒடுக்கமாய் இருப்பதாக அவருக்குத் தோன்றியது. அதனை நடுவே இரண்டாக அறுக்கச் செய்து, இரு பாதிகளையும் சற்றே விலக்கி வைத்துப் பார்த்தார். நான்கு அங்குலம் விலகிய இடத்திற் கண்ணுக்கு நிறைவாயிற்று. அந்த நான்கு அங்குலம் சேர்க்கப்பட்டே கார் விற்பனைக்கு வந்தது. மைனரின் எஞ்சின் மூடியின் நடுவே நீளவாட்டிற் செல்லும் அகன்ற மேடு எதற்காக என்று யாரேனும் கேட்டால், அது அந்த நான்கு அங்குலத்தின் அடையாளம் என்று சொல்லலாம். நஃபீல்ட் பிரபுவுக்கு இக்கார் பிடிக்கவில்லை. கொதிநீரில் உடைத்து அவித்த முட்டையைப் போலிருக்கின்றது என்று அவர் இகழ்ந்ததாகச் சொல்லப்படுகின்றது. அவர் இகழ்ந்த அந்தக் கார்தான் பிரித்தானியாவில் பத்து இலட்சம் என்ற எண்ணிக்கையை எட்டிய முதற் காராகி, மொத்தம் 16 இலட்சமளவில் விற்பனையாயிற்று.

இவ்வளவு சிறப்புற்ற இரு கொம்பனிகளும் 1952இல் ஒன்றாக இணைக்கப்பட்டன. இணைந்த கொம்பனிக்குப் பிரிட்டிஷ் மோட்டார் கோர்ப்பரேசன் என்று பெயர். காகிதத்தில் இணைந்தனவே தவிர, உள்ளத்தில் இணையவில்லை. ஒஸ்ரின் தலைவராயிருந்த லெனாட் லோட், முன்பு மொறிஸ் கொம்பனியிற் பணியாற்றி, நஃபீல்ட் பிரபுவுடன் முரண்பட்டு விலகியவர். மொறிஸ் தொழிற்சாலையைச் செங்கல் செங்கல்லாகப் பெயர்த்தெடுப்பேன் என்று அவர் சபதமிட்டதாக ஒரு செய்தி உண்டு. இவ்விருவருடைய பகை ஒருபுறமிருக்க, விற்பனையாளரும் இரண்டு கட்சியாகவே நின்றனர். ஒரே தெருவில் ஒஸ்ரின் கடையும் மொறிஸ் கடையும் முன்போலவே தனித்தனியே நடந்தன. ஒஸ்ரின் வாங்கிப் பழகிய குடும்பம் மொறிஸ் வாங்காது. மொறிஸ் வீட்டார் ஒஸ்ரின் பக்கம் திரும்பியும் பாரார். நம் ஊர்களிலே இரு குடும்பங்கள் பரம்பரையாகக் கொண்டு கொடுக்க மறுப்பதைப் போன்றது இது.

இந்தப் பற்றைக் கொம்பனி எவ்வாறு பயன்படுத்திற்று என்பதைக் கவனிக்க வேண்டும். ஒரே காரைச் செய்து, பாதிக்கு ஒஸ்ரின் தகடும் பாதிக்கு மொறிஸ் தகடும் பொருத்தினர். 1959இல் வந்த புகழ்பெற்ற மினி காரே முதலில் ஒஸ்ரின் செவின் என்றும், மொறிஸ் மினி-மைனர் என்றும் இரண்டு பெயர்களில் விற்கப்பட்டது. 1962இல் வந்த 1100 என்ற கார், காலப்போக்கில் ஒஸ்ரின், மொறிஸ், எம்.ஜி., வூல்ஸ்லி, றைலி, வான்டன் பிளாஸ் என ஆறு பெயர்களில் உலாவியது. முகப்பும் விளக்கும் ஆசனத் தோலும் சிறிது வேறுபடும். உள்ளே இருப்பது ஒன்றே. மினியின் விலையோ செலவுக்குக் கட்டுப்படியாகாத அளவுக்குக் குறைவாயிருந்தது. போர்ட் கொம்பனியார் ஒரு மினியை வாங்கி, ஆணி ஆணியாகக் கழற்றிக் கணக்கிட்டு, ஒவ்வொரு வண்டியிலும் 30 பவுண் வரை நட்டம் இருக்க வேண்டும் என்று முடிவுசெய்தனர் என்பது மோட்டார்த் தொழில் வரலாற்றில் அடிக்கடி எடுத்துக் கூறப்படும் செய்தி.

உரிமையாளரின் பற்றைக் கொம்பனியார் பிழையாகப் படித்தார்கள் என்பதே என் எண்ணம். மக்கள் நேசித்தது தகட்டை என்று அவர்கள் கருதினார்கள். மொறிஸ் மைனர் ஓட்டியவருக்கு மொறிஸ் என்ற எழுத்துப் பொறித்த எந்த வண்டியும் போதும் என்று எண்ணி, 1971இல் மொறிஸ் மரீனா என்ற புதிய காரைக் கொணர்ந்தனர். அதன் முன்சில்லுகளைத் தாங்கிய அமைப்பு, 1948ஆம் ஆண்டு மைனரின் அமைப்பைத் தழுவியதே. பழையதன் குறையை வைத்துக்கொண்டு, பழையதன் அழகைக் கைவிட்ட வண்டி அது எனலாம். ஒஸ்ரின் பக்கத்திலே 1973இல் அலெக்ரோ வந்தது. அதன் ஓட்டுவளையம் வட்டமுமல்லாது சதுரமுமல்லாது ஒரு விந்தை உருவத்தில் இருந்தது. வளையத்தை ஏன் சதுரமாக்க வேண்டும் என்று கேட்க அக்கொம்பனியிலே ஒருவரும் இருக்கவில்லைப் போலும்.

மீதியைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1968இல் லேலண்ட் கொம்பனியுடன் மேலும் ஓர் இணைப்பு; வேலைநிறுத்தங்கள்; 1975இல் அரசாங்கம் பொறுப்பேற்றது; பின்னர் தனியாரிடம் விற்றது. ரோவர் என்ற பெயரை மாத்திரம் உயர்த்த முடிவு செய்ததனால் ஏனைய பெயர்கள் ஒவ்வொன்றாய் உதிர்ந்தன. 1994இல் அக்கொம்பனியை வாங்கியவர் யார் தெரியுமா? ஒரு காலத்தில் ஒஸ்ரின் செவினை உரிமம் பெற்றுச் செய்து தொழில் தொடங்கிய அதே பி.எம்.டபிள்யூ. ஆறாண்டுகள் நட்டம் தாங்கியபின், 2000ஆம் ஆண்டில், லோங்பிரிட்ஜ் தொழிற்சாலையையும் கொம்பனியையும் வெறும் 10 பவுணுக்குக் கைமாற்றிவிட்டு அது விலகிற்று. 2005 ஏப்பிரலில் எல்லாம் முடிந்தது. ஆறாயிரம் பேரளவில் வேலை இழந்தனர். பொறிகளும் வரைபடங்களும் சீனாவுக்கு விற்கப்பட்டன. இன்று நம் தெருக்களிலும் காணப்படும் சீனத் தயாரிப்பான எம்.ஜி. கார்களின் பெயரிலுள்ள முதலெழுத்து, மொறிஸ் என்பதன் முதலெழுத்தே. மொறிஸ் ஒக்ஸ்போர்ட் என்ற இன்னொரு காரின் வடிவம் இந்தியாவிலே அம்பாசிடர் என்ற பெயரில் 2014 வரை செய்யப்பட்டு வந்தது.

இனி உரிமையாளரிடம் வருவோம்.

இங்கிலாந்திலே மொறிஸ் மைனர் உற்பத்தி நின்ற சில ஆண்டுகளுக்குள், 1976இல், அதன் உரிமையாளர் தமக்கென ஒரு சங்கம் அமைத்தனர். அதே ஆண்டில் பாத் நகரிலே சாள்ஸ் வெயர் என்பவர் மைனர் கார்களைப் புதுப்பிக்கும் ஒரு நிலையத்தைத் தொடங்கினார். அவருடைய வாதம் எளிமையானது. புதிய காரை வாங்கியவன் அது தெருவில் இறங்கிய நாள் முதலே அதன் விலை தேயக் காண்கின்றான். சில ஆண்டுகளில் அதை எறிந்துவிட்டு மீண்டும் கடன்படுகின்றான். அப்பணத்திற் சிறு பகுதியை ஆண்டுதோறும் ஒரு நல்ல பழைய காருக்குச் செலவிட்டு வந்தால், அது அவன் ஆயுட்காலம் முழுவதும் உழைக்கும் என்றார் அவர். இதற்கு உதிரிப்பாகம் வேண்டும் அல்லவா? இங்கிலாந்திற் கூலி அதிகம். மைனரின் தகடுகளைக் கையால் அடித்துச் செய்ய அங்கே ஆளும் இல்லை. ஆகவே 1990களிலே அவர் இலங்கையைத் தேடி வந்தார். நம் நாட்டுத் தொழிலாளர் செய்த மொறிஸ் மைனர் உறுப்புகள் கப்பலேறி இங்கிலாந்துக்குச் சென்றன. ஒரு காலத்தில் அங்கிருந்து கார் வாங்கிய நாடு, அக்காரைச் செய்தவர் கைவிட்டபின், அதன் உறுப்புகளைச் செய்து அங்கே அனுப்பிற்று. இச்செய்தியை முதன்முதல் அறிந்தபோது எனக்கு உண்டான பெருமிதம் கொஞ்சமன்று.

இலங்கையருக்கு இக்கைவண்ணம் எங்கிருந்து வந்தது? 1960களின் தொடக்கத்திலே அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டினாற் கார் இறக்குமதி கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டது. 1977 வரை அந்நிலை பெரிதும் மாறவில்லை. உள்ள காரைத்தான் ஓட்ட வேண்டும். உடைந்தால் திருத்த வேண்டும். உறுப்பு இல்லையேற் செய்ய வேண்டும். கடைசற் பட்டறைக்காரரும் ரிங்கர் வேலைக்காரரும் வாகன வைத்தியராயினர். தந்தை வாங்கிய ஏ-40 மகனுக்குச் சீதனம் போல் வந்தது. திருமண ஊர்வலமா, பிரசவத்துக்கு ஆசுப்பத்திரியா, நல்லூர்த் திருவிழாவா, எதற்கும் அதே கார். திரும்பும்போது பக்கத்துத் தூணிலிருந்து சிறு கை போல் வெளியே நீளும் அதன் சமிக்கையைப் பார்ப்பதற்கென்றே சிறுவராகிய நாங்கள் சந்தியில் நிற்பதுண்டு.

யாழ்ப்பாணத்தில் இக்கார்களுக்கு வந்த சோதனை வேறு எங்கும் வந்ததில்லை. 1990ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் போர் மீண்டும் மூண்டபின், வடக்கே எடுத்துச் செல்லத் தடுக்கப்பட்ட பொருட்களின் பட்டியலிலே பெற்றோலும் பற்றரியும் இருந்தன. நான் அப்போது பல்கலைக்கழக மாணவன். புதிய ஜப்பானியக் கார்கள் கொட்டில்களுக்குள் முடங்கின. ஒஸ்ரினும் மொறிஸும் ஓடின.

எவ்வாறு ஓடின என்பதை இளைய நேயர்களுக்கு விளக்க வேண்டும். என் தாய்மாமன் வலிகாமத்தில் ஓர் ஏ-40 சோமர்செட் வைத்து வாடகைக்கு ஓட்டியவர். பற்றரி வலுக்குன்றியிருந்தால் முன்புறத்தே இரும்புக் கைபிடியைச் செருகிச் சுழற்றி எஞ்சினை உயிர்ப்பிக்கலாம். அக்காலத்துக் கார்களில் அதற்கு வழி வைத்திருந்தனர். எரிபொருளுக்கு மண்ணெண்ணெய். ஆனால் மண்ணெண்ணெய் குளிர்ந்த எஞ்சினில் ஆவியாகாது. ஆகவே ஒரு சிறு போத்தலிற் பெற்றோலை நகை போற் பாதுகாத்து, அதிற் சில துளிகளைக் காபரேற்றருக்குள் விட்டு எஞ்சினைத் தொடக்குவார். அது சூடேறியபின் மண்ணெண்ணெய் வழியைத் திறப்பார். பழைய எஞ்சின்கள் எரிவாயுவை ஏழில் ஒரு பங்களவுக்கே அழுத்துவதால், தாழ்ந்த தரமான எண்ணெயையும் அவை ஏற்றுக்கொண்டன. அதிகமாக அழுத்தும் புதிய எஞ்சின்களோ மண்ணெண்ணெய்க்குத் தட்டும், திணறும், நின்றுவிடும். ஏ-40க்கும் இது நல்ல உணவன்று. பிளக்குகள் கரி பிடிக்கும். எரியாத மண்ணெண்ணெய் பிஸ்ரனைத் தாண்டிக் கீழிறங்கி எஞ்சின் எண்ணெயை நீர்க்கச் செய்யும். ஒவ்வொரு மாலையும் மாமா பிளக்குகளைக் கழற்றித் துடைப்பதை நான் அருகிலிருந்து பார்த்திருக்கின்றேன். கார் சென்ற பின்னும் தெருவிலே கால் நாழிகை வரை வெண்புகையும் நெடியும் நிற்கும்.

இதில் ஒரு தர்மசங்கடமும் இருந்தது. அதே மண்ணெண்ணெயில்தான் வீட்டு விளக்கும் எரிய வேண்டும். மின்சாரம் இல்லாத அந்நாட்களிலே ஜாம் போத்தலுக்குள் பஞ்சும் சிறிது எண்ணெயும் இட்டுத் திரி கொளுத்தி, அந்த வெளிச்சத்தில் எங்கள் தலைமுறை பரீட்சைக்குப் படித்தது. இரவிலே பிரசவ வேதனை கண்ட பெண்ணின் வீட்டார் வந்து கதவைத் தட்டினால், மாமி விளக்கிலிருந்த எண்ணெயையும் தயங்காது வார்த்துக் கொடுப்பார். அன்றிரவு எங்கள் படிப்பு அத்துடன் முடியும். கூலி பேசும் வழக்கம் அவ்வேளைகளில் இருந்ததில்லை. எண்ணெயைத் திருப்பித் தந்தாற் போதும் என்பதே ஏற்பாடு. சிலர் தந்தனர், சிலரால் இயலவில்லை.

1995 ஒக்டோபர் 30ஆந் திகதி மாலை வலிகாமம் முழுவதும் பெயர்ந்து சென்றபோது, அந்தக் காரிலே நடக்க இயலாத அயலவர் மூவரும் நிறைமாதக் கர்ப்பிணி ஒருத்தியும் இருந்தனர். செம்மணி வெளியில் மக்கள் நெருக்கத்தினால் வண்டி ஓர் அடி நகர்வதற்கும் நெடுநேரமாயிற்று. எண்ணெய் வீணாகாதிருக்க மாமா எஞ்சினை நிறுத்திவிட்டார். மழையிலே நாங்கள் பின்னாலிருந்து தள்ளினோம். அவர் கதவருகே நடந்தபடி ஓட்டுவளையத்தைப் பிடித்துக்கொண்டு வந்தார். அப்படியே நாவற்குழிப் பாலத்தைக் கடந்தோம். ஒஸ்ரின் என்ற பெயர் மறைந்து அப்போது சில ஆண்டுகள் ஆகியிருந்தன. அது எங்களில் ஒருவருக்கும் தெரியாது.

இங்கிலாந்து உரிமையாளரின் பற்றையும் எங்கள் ஊர் உரிமையாளரின் பற்றையும் ஒன்றென்று சொல்ல நான் தயங்குகின்றேன். அவர்கள் விரும்பி வைத்திருந்தார்கள். நாங்கள் வேறு வழியின்றி வைத்திருந்தோம். இல்லாமையிற் பிறந்ததை அன்பு என்று புகழ்வது சிலருக்கு உவப்பாயிருக்கும். எனக்கு அது முழுவதும் சரியாகத் தோன்றவில்லை. ஆயினும் மாமா ஒவ்வொரு மாலையும் பிளக்குத் துடைத்த விதத்திலே தேவைக்கு மேற்பட்ட ஒன்று இருந்தது. கரி போவதற்கு வேண்டிய அளவுக்கு அவர் துடைத்து நிறுத்தியதில்லை. மினுங்கும் வரை துடைப்பார்.

2002இல் ஏ-9 பாதை திறந்தபின் புதிய வண்டிகள் வரத் தொடங்கின. 2009இன் பின் அவை பெருகின. வாடகைக் கார்த் தரிப்பிடங்களில் ஒஸ்ரின்கள் குறைந்து, வானும் முச்சக்கரவண்டியும் அவ்விடத்தைப் பிடித்தன. மாமா 2004இல் காலமானார். 2010இலே தெற்கிலிருந்து வந்த பழங்கார்ச் சேகரிப்பாளர் ஒருவர் நல்ல விலை கொடுத்து வண்டியை வாங்கிச் சென்றார். கொடுத்தது பற்றி எனக்குத் துயரமில்லை. நிழலில் நின்று நிறம் பூசப்பட்டு வாழ்வதற்கு அது உரிமை பெற்றிருந்தது. 2020இலிருந்து ஐந்தாண்டுக் காலம் வாகன இறக்குமதி மீண்டும் நிறுத்தப்பட்டபோதும், 2022இல் எரிபொருளுக்காக நாட்கணக்கில் வரிசையில் நின்றபோதும், அந்தக் கொட்டிலின் வெறுமையை மாமி ஒருமுறை சுட்டிக்காட்டினார். அவ்வளவுதான்.

என் கவலை வேறொன்றைப் பற்றியது. அக்கார்களைப் பார்த்த மெக்கானிக் ஒருவர் எங்கள் ஊரில் இன்னும் இருக்கின்றார். எழுபதைக் கடந்தவர். பழைய ஒஸ்ரினும் மொறிஸும் அங்குல அளவில் அமைந்தவை. இன்றைய மில்லிமீற்றர்ச் சாவிகள் அவற்றின் ஆணிகளிற் சரிவரப் பொருந்தா. அவருடைய கராஜிலே அந்தப் பழைய சாவிகள் ஒரு மரப்பெட்டி நிறைய உள்ளன. எஞ்சினின் ஓசையைக் கேட்டு, எந்த வால்வு இறுகியிருக்கின்றது என்று சொல்லுவார். இதை அவர் எந்த நூலிலும் படித்ததில்லை. யாரும் எழுதி வைத்ததுமில்லை. இன்றைய காரிற் கணினியை இணைத்தால் அதுவே பழுதைச் சொல்லிவிடும்; ஆகவே கராஜுக்கு வரும் இளைஞர் காதுக்கு வேலை கொடுப்பதில்லை. கொம்பனி மூடியபோது வரைபடங்கள் விலைக்குப் போயின, அவை எங்கேனும் இருக்கும். இம்மனிதரின் காதுக்கு வரைபடம் கிடையாது.

இரண்டாண்டுகளுக்கு முன் அவரே பாடசாலைக்கு வந்தார். "மாஸ்டர், கையிலை எண்ணெய் பட்டால் அருவருக்காத பொடியள் இரண்டு பேரை அனுப்புங்கோ. காசு ஒண்டும் வேண்டாம்" என்றார். பரீட்சைச் சுமையுள்ள உயர்தர வகுப்பிலிருந்து அனுப்பப் பெற்றோர் உடன்படவில்லை. சாதாரணதரப் பரீட்சை எழுதி முடிவுக்காகக் காத்திருந்த இருவரை, அவர்களுடைய தாய்மாரிடம் நேரிற் பேசி அனுப்பினேன். ஒருவன் மூன்றாம் வாரத்தில் நின்றுவிட்டான். மற்றவன் இப்போது உயர்தரத்திலே தொழினுட்பப் பிரிவிற் கற்றுக்கொண்டு, சனிக்கிழமைகளில் அங்கே போகின்றான். அங்கே நிற்பது ஒரு மொறிஸ் மைனர். அதன் உரிமையாளர் ஓய்வுபெற்ற தபாலதிபர், வாரத்துக்கு ஒருமுறை கோயிலுக்கு மாத்திரம் அதை எடுப்பவர்.

அண்மையில் அவ்வழியாற் சென்றபோது, மாணவன் மெல்லிய அளவுத் தகடு ஒன்றை வைத்துக்கொண்டு, தீப்பொறி பிறக்கும் இடைவெளியைச் சரிபார்த்துக்கொண்டிருந்தான். எவ்வளவு என்று கேட்டேன். "ஓர் அங்குலத்திலே ஆயிரத்தில் பதினைந்து, சேர்" என்றான். மில்லிமீற்றரில் எவ்வளவு என்றேன். தலையைச் சொறிந்தான். மெக்கானிக் உள்ளேயிருந்து, அந்தக் கணக்கு உனக்கு வேண்டாம், முதலில் திருகாணியை இறுக்கு என்று சத்தமிட்டார். நான் மோட்டார்ச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு தெருவுக்கு வருவதற்குள், எஞ்சின் இரண்டாம் சுற்றிலேயே பிடித்துக்கொண்டது.